மாலை ஏற்றத்துக்கு ஒரு சைக்கிள்

முப்பத்திரண்டு வயதில் 'என் பணிக்காலத்தில்' என்று எழுதத் தொடங்குவது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சைக்கிள் கடை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது உண்மை. ஸ்பானரைத் திருப்பித் திருப்பி வலது மணிக்கட்டில் வந்த வலி, ஒரு கட்டத்தில் தோசைக் கரண்டியைக்கூடப் பிடிக்க விடவில்லை. "கையை வெச்சிக்கிறியா, வேலையை வெச்சிக்கிறியா, நீயே முடிவு பண்ணும்மா" என்றார் டாக்டர். கையை வைத்துக்கொண்டேன். இப்போது வேலூரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, இயந்திரப் பாகங்களுக்குக் கணினியில் வரைபடம் போடுகிறேன். குளிர்சாதன அறை, சுத்தமான நகங்கள். நாள் முழுக்க ஒருவரும் என்னிடம் பிரேக் சரியில்லை என்று சண்டைக்கு வருவதில்லை. அது ஒரு குறையாகவே இருக்கிறது.

போன வாரம் சூசன் போன் செய்தாள். கண்ணமங்கலம் கடையில் என் இடத்துக்கு வந்த பெண் அவள்.

"எக்கா, நேத்து ஒருத்தர் வந்தாரு. போன்ல பத்து வீடியோ பாத்துட்டு வந்து கார்பன் ஃபோர்க் இருக்குதா, அது இருக்குதா, இது இருக்குதான்னு கேட்டுக்கினே இருக்காரு. எங்க ஓட்டப் போறீங்கன்னு கேட்டா 'ரோட்லதாம்மா, பின்ன ஆத்துலயா'ன்றாரு. நான் இன்னாக்கா சொல்றது? வேலைக்குப் போய்ட்டு வர்றதுக்கு, நம்பி ஓட்டற மாதிரி, கட்டுப்படியாகற மாதிரி ஒரு ரோடு சைக்கிள எப்டி எடுத்துக் குடுக்கறதுன்னு ஒண்ணு ரெண்டு போட்டு எழுதி அனுப்புங்களேன்."

ஒன்று, இரண்டு போட்டு எழுதுவது எனக்குப் பிடித்த காரியம். மளிகைச் சாமான் பட்டியலைக்கூட எடை வாரியாக அடுக்குகிறவள் நான். அன்றிரவே உட்கார்ந்தேன். மூன்றாவது எண்ணைப் போட்டதும் அதற்கு எதிரே விதி வரவில்லை, ஆட்கள் வந்தார்கள். அதனால் சூசன், நீ கேட்டது இதற்குள் இருக்கிறது. தேடி எடுத்துக்கொள்.

வேலூரில் இயந்திரவியல் டிப்ளமோ முடித்து அந்தக் கடையில் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. முதல் ஆறு மாதம் பஞ்சர் ஒட்டினேன். அடுத்த ஆறு மாதம் கோணிய சக்கரங்களை, கம்பி கம்பியாக முறுக்கி நேராக்கினேன். அந்த ஒரு வருடத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கை கறுத்தது, காது கூர்மையானது. செயின் போடும் சத்தத்தை வைத்தே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று ஊகிக்கப் பழகினேன். அம்மா மட்டும் ஊரில் யார் கேட்டாலும் "கம்பெனில இன்ஜினியர் வேலை" என்று சொல்லிவந்தார்.

கடை முதலாளி நஸ்ரீன். வாணியம்பாடியில் தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகிக் கண்ணமங்கலம் வந்தவர். மாமனாரின் வாடகை சைக்கிள் கடையை எடுத்து, புது சைக்கிள் விற்கும் கடையாக மாற்றியிருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். அவர் வீட்டில் மூத்த சகோதரியை அழைப்பதுபோல நாங்களும் அவரை 'ஆபா' என்று அழைப்போம்.

ஆபாவின் நடத்தை எந்த வியாபாரிக்கும் பொருந்தாது. கல்லாவுக்குப் பின்னால் நிற்கமாட்டார். பெடல் உயரத்துக்கு ஒரு குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர் உள்ளே வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்ப்பார். "இந்தச் செருப்புலயா வேலைக்குப் போவீங்க? பெடல்ல வழுக்குமே" என்பதுதான் பல பேருக்கு அவருடைய வரவேற்பு. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் என்னை 'மேடம்' என்று கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லுக்குக் கடையே பயப்படும்.

அவர் கேட்கும் முதல் கேள்வியும் விசித்திரமானது. எவ்வளவு தூரம், எவ்வளவு பட்ஜெட் என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால், "சாயந்தரம் வூட்டுக்கு எப்டிப் போவீங்க?" என்பார்.

அதற்குக் காரணம் எங்கள் இடம். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. கீழே குடியிருந்து மேலே வேலை பார்க்கிறவர்கள் காலையில் ஏறி, மாலையில் இறங்குவார்கள். மேலே குடியிருந்து கீழே வேலை பார்க்கிறவர்கள் காலையில் இறங்கி, மாலையில் ஏறுவார்கள். முதல் வகைக்குக் களைத்த கையிலும் பிடிக்கிற பிரேக் வேண்டும். இரண்டாம் வகைக்குக் களைத்த காலிலும் சுற்றுகிற கியர் வேண்டும். ஒரே விலை, ஒரே நிறம், ஒரே கம்பெனியாக இருந்தாலும் இவை இரண்டும் வேறு வேறு சைக்கிள்கள்.

ஆனால் எல்லோரும் காலையை மனதில் வைத்துத்தான் சைக்கிள் வாங்குவார்கள். மலை ஊர்க்காரர்கள் இதில் இன்னும் ஒரு படி மேல். காலையில் காற்று முகத்தில் அடிக்க இறங்கி வந்துவிடுவார்கள். மாலையில் சைக்கிளைச் சரக்கு ஜீப்பின் தலையில் கட்டி, தாங்களும் தொற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேருவார்கள். பாதி வாழ்நாளை ஜீப் மேலேயே கழித்த சைக்கிள்களை நான் பழுது பார்த்திருக்கிறேன். பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரியும்; பின் கியரில் ஏற்றத்துக்கென்று இருக்கிற பெரிய பல்சக்கரத்தில் மட்டும் கடையில் பூசிய எண்ணெய் அப்படியே இருக்கும்.

"காலைல எல்லாருக்கும் கால் இருக்கும். சாயந்தரம் மிச்சம் இருக்கிற காலுக்குத்தான் நாம சைக்கிள் விக்கிறோம்" என்பார் ஆபா.

அதனால் எங்கள் கடையில் ஒரு நடைமுறை இருந்தது. வேலைக்குப் போய்வர சைக்கிள் கேட்கிறவர்களுக்குக் கடை வாசலில் ஓட்டிப் பார்க்க அனுமதி இல்லை. வேலை முடிந்த பிறகு, வேலைக்குக் கொண்டுபோகிற பையோடு, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும், அவர்கள் வீட்டுக்குத் திரும்புகிற சாலையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்களில் ஒருவர் இன்னொரு சைக்கிளில் பின்னால் போவோம். பேசக்கூடாது. கவனிக்க மட்டும்தான் வேண்டும். எந்த இடத்தில் சீட்டிலிருந்து எழுகிறார்? எங்கே கையை உதறுகிறார்? எங்கே குனிந்து செயினைப் பார்க்கிறார்? சைக்கிள் நன்றாகப் பொருந்தியிருந்தால் ஓட்டுகிறவர் சைக்கிளைப் பார்க்கவே மாட்டார். ஆடு மாட்டைப் பார்ப்பார், தெரிந்தவர்களைப் பார்த்துத் தலையாட்டுவார். அதுதான் எங்களுக்குச் சான்று.

இதனால் போன வியாபாரமும் உண்டு. "சைக்கிள் வாங்கறதுக்குப் பொண்ணு பாக்கற மாதிரி இன்னாங்க இவ்ளோ சடங்கு?" என்று கோபித்துக்கொண்டு ஆரணிக்குப் போனவர்கள் உண்டு. ஆபா தடுக்கமாட்டார்.

அளவு இன்னொரு தலைவலி. எங்கள் பக்கத்தில் எதையும் ஒரு சுற்று பெரிதாக வாங்குவதுதான் பழக்கம். பள்ளிச் சீருடை, செருப்பு, சைக்கிள் எல்லாமே. ஒருமுறை ஓர் அப்பா, பையனுக்குக் கம்பெனி போய்வர சைக்கிள் வாங்க வந்தார். பையனின் காலை அளந்து நான் எடுத்துவைத்த சட்டத்தை ஒதுக்கிவிட்டு, பெரியதைக் காட்டினார்.

"இத்தக் குடும்மா. வளர்ற புள்ள."

"சார், அவருக்கு இருபத்தி நாலு வயசாயிடுச்சே."

"ஒசரத்துல வளர்லன்னா இன்னா, உத்தியோகத்துல வளருவான் இல்ல?"

பையன் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். கடைசியில் ஆபா, பெரிய சட்டத்தில் அப்பாவையே ஏற்றி உட்காரவைத்து, கால் தரையில் எட்டாமல் அவர் தவித்தபோது, "இப்போ உங்க புள்ளயும் சிக்னல்ல இப்டித்தான் நிப்பாரு" என்றார். சிறியதை வாங்கிப் போனார்கள்.

டயருக்கு வருகிறேன். ரோடு சைக்கிள் என்றால் மெலிந்த சக்கரமும் எடை குறைந்த சட்டமும் கொண்டது, தார்ச்சாலைக்கென்றே செய்தது. மெலிவு எவ்வளவு என்பதில்தான் ஆட்கள் ஏமாறுவார்கள். படவேட்டில் ஒரு கணக்கு வாத்தியார், பந்தயக்காரர்கள் போடுகிற மெல்லிய டயர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கினார். உராய்வு குறையும் என்று காகிதத்தில் சூத்திரம் போட்டே காட்டினார். சூத்திரம் சரிதான். ஆனால் அந்தச் சாலையில் கரும்பு லாரிகள் போகும். சோகையும் துண்டும் சிந்திக் கிடக்கும். வேலி வெட்டினால் முள்ளும் சாலைக்கு வரும். பள்ளி மணி அடித்த பிறகு பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைகிற வாத்தியாரைப் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? இரண்டு மாதத்தில் வந்து, "கொஞ்சம் தடிமனா, முள்ளு ஏறாம உள்ள பட்டை வெச்சது இருந்தா போடும்மா" என்றார். அதன்பிறகு அவர் சூத்திரம் எதுவும் காட்டவில்லை. பழைய டயரைப் பிள்ளைகளுக்கு வட்டத்தின் சுற்றளவு சொல்லிக்கொடுக்க எடுத்துப்போனார்.

சூசன், உன் பட்டியலில் எழுதிக்கொள்ள இங்கே மூன்று விஷயம். டயர், இரண்டு விரல் அகலத்துக்காவது இருக்கட்டும். செயின், டியூப், பிரேக் கட்டை மூன்றும் வேலூரிலோ ஆரணியிலோ கடையில் கிடைக்கிற வகையாக இருக்கட்டும். பாகங்களைப் பெங்களூரிலிருந்து வரவழைக்க வேண்டிய சைக்கிள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் மலிவு இல்லை. சீட்டுக்குப் பின்னால் கேரியர் மாட்டத் துளை இருக்கிறதா என்று பார். தோளில் பை மாட்டி ஓட்டுகிறவர் மூன்றாவது மாதம் பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

இப்போது ஜோதியைப் பற்றி.

அமிர்திக்குப் பக்கத்தில், மலைச்சாலை ஏறத் தொடங்குகிற இடத்தில், சாமையைத் தோல் நீக்கிப் பையில் அடைக்கும் சிறிய ஆலை ஒன்று இருந்தது. ஜோதி அங்கே மிஷின் ஓட்டுபவர். வயது இருபத்தெட்டு இருக்கும். ஒல்லியான, குள்ளமான பெண். வீடு மேலே, ஆறு கிலோமீட்டர் ஏற்றத்தில் ஒரு சிற்றூர். கணவர் குடகில் மிளகுத் தோட்டத்தில் வேலை. நான்கு வயது மகள் தன்ஷிகாவை நாத்தனார் பார்த்துக்கொண்டாள்.

ஆலை ஐந்து மணிக்கு நிற்கும். மேலே போகும் கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும். சரக்கு ஜீப் இருந்தால் ஜோதி அதில் போவாள். இல்லாத நாளில் நடப்பாள். நடந்து போய்ச் சேரும்போது தன்ஷிகா தூங்கியிருப்பாள். பஸ்ஸைப் பிடிக்க இரண்டு மூன்று முறை முன்னதாகக் கிளம்பியதில் மேனேஜர் எச்சரித்துவிட்டார். "மிஷின் நிக்கற வரைக்கும் ஆளு நிக்கணும்மா. முடியலன்னா சொல்லு, கீழ் ஊர்ல நாலு பேர் கேட்டுக்கினு இருக்காங்க." அவள் முன்னால் இருந்த வழிகள் மூன்று. வேலையை விடலாம். கண்ணமங்கலத்தில் பெண்கள் விடுதியில் தங்கி, வாரம் ஒருமுறை பிள்ளையைப் பார்க்கலாம். அல்லது தினமும் தன் காலிலேயே வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு வழி கண்டுபிடிக்கலாம். மொபெட்டுக்குக் கடன் கேட்டு அலைந்து பார்த்துவிட்டாள், கிடைக்கவில்லை.

அண்ணன் சங்கரோடு கடைக்கு வந்தாள். சங்கர் பெங்களூரில் கட்டட வேலை செய்பவர். ஒரு வார விடுப்பில் வந்திருந்தார், ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். பணம் அவருடையது. அதனால் பேச்சும் அவருடையதாகவே இருந்தது.

"அந்தா அதுதான்" என்று நேராகப் போய், பருத்த டயரும் முன்னால் இரண்டு ஸ்பிரிங்கும் வைத்த சைக்கிளைத் தட்டினார். "மலைக்கு ஏத்த மாதிரி யானை கணக்கா நிக்குது பாரு."

ஆபா ஜோதியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாயந்தரம் எப்டிமா வூட்டுக்குப் போவே?"

ஜோதி முதல் முறையாக வாயைத் திறந்தாள். "அதுக்குத்தாங்க சைக்கிளு."

ஆபா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு அப்படி யாரும் பதில் சொன்னதில்லை.

முதல் நாள் மாலை, சங்கரின் யானையையே ஆலை வாசலுக்குக் கொண்டுபோனோம். ஜோதி சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினாள். நான் பின்னால். சங்கர் இரவல் வாங்கிய பைக்கில் இன்னும் பின்னால். இரண்டாவது வளைவிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அவள் மிதிக்கும் ஒவ்வொரு மிதியிலும் முன் ஸ்பிரிங் அமுங்கியது. காலின் உழைப்பில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குப் போகவிடாமல் அது தின்றுகொண்டிருந்தது. எடையும் அதிகம். மூன்றாவது வளைவில் இறங்கித் தள்ளத் தொடங்கினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவது, வெறுங்கையோடு ஏறுவதைவிடக் கஷ்டம். ஊர் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பிள்ளை தூங்கியிருந்தது. ஜோதி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நடந்திருந்தாலும் இந்நேரம்தான் ஆவும்" என்றாள்.

அடுத்த நாள் கொண்டுபோனது, எடை குறைந்த ரோடு சைக்கிள். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில். ஏற்றத்தில் அது வேறு பிராணியாக இருந்தது. கடைசிச் செங்குத்தில் மட்டும், இருப்பதிலேயே இலகுவான கியரும் அவளுக்குக் கனத்தது. எழுந்து நின்று மிதித்துச் சமாளித்தாள். வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குப் போய்விட்டோம். தன்ஷிகா ஓடிவந்து சைக்கிளைச் சுற்றினாள். சங்கர், "பிரமாதம், முடிச்சிடலாம்" என்றார்.

ஆனால் நடைமுறை அங்கே முடியவில்லை. காலை இறக்கமும் பார்க்கவேண்டும். ஊர் எல்லைச் செங்குத்தில் ஜோதியை மெதுவாக இறங்கச் சொன்னேன். அந்த ஹேண்டிலின் பிரேக் பிடி பெரிய கைகளுக்குச் செய்தது. அவள் விரல் நுனிதான் அதைத் தொட்டது. பாதி இறக்கத்தில் விரல்கள் சோர்ந்து, வேகம் பிடித்தது. நான் கத்தினேன். அவள் நிதானம் இழக்காமல் சாலையோர உண்ணிப் புதருக்குள் சைக்கிளை விட்டாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் சங்கர் பைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"போதும். சைக்கிளும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இதே பள்ளத்துப் பக்கம் போயிருந்தா? நாளைக்கே ஆஸ்டல்ல இடம் பாக்கறேன்."

"அண்ணே, வுட்ரு."

"இன்னாத்த வுட்றது? புள்ளைக்கு ஆத்தா வேணும்னுதானே இவ்ளோவும் பண்ற? ஆத்தா உசுரோட வேணும்."

ஜோதி புதரிலிருந்து சைக்கிளை இழுத்து நிமிர்த்தினாள். இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு நான் புறப்பட்டபோது தன்ஷிகா அழுதாள். முந்தின நாள் வந்த யானையும் அன்று காலையில் இப்படித்தான் கடைக்குத் திரும்பிப் போயிருந்தது.

இறங்கும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். சட்டம் இன்னும் சிறியதாக வேண்டும். நேர் ஹேண்டில் வேண்டும். அதில்தான் பிரேக் பிடியை உள்ளே தள்ளிவைக்கத் திருகு இருக்கும். நீண்ட இறக்கத்துக்கு டிஸ்க் பிரேக் நல்லது. பின் கியரில் பெரிய பல்சக்கரம் இன்னும் பெரியதாக வேண்டும். எடை கூடக்கூடாது. விலை சங்கரின் கைக்கு எட்ட வேண்டும்.

அப்படி ஒரு சைக்கிள் கடையிலேயே இருந்தது. நேர் ஹேண்டில் வைத்த ரோடு சைக்கிள், இருப்பதிலேயே சிறிய சட்டம். இரண்டு வருடமாக மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நின்றது. எல்லோரும் ஒரு சுற்றுப் பெரிதாகக் கேட்கிற ஊரில் சிறிய சட்டத்தை யார் வாங்குவார்கள்? விற்காமல் தேங்கியதால் ஆபா அதை அடக்க விலைக்கே தள்ளிவிடத் தயாராக இருந்தார். அதில் ஒரே ஒரு குறைதான்: பின் கியர். கம்பெனி மாட்டி அனுப்பிய பல்சக்கரத் தொகுதி சமவெளிக்கானது.

"பின் கியரையும், செயினைத் தள்ளுற கையையும் மாத்தி மாட்டணும் ஆபா. பழைய ஸ்டாக்ல ரெண்டும் இருக்குது."

முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டார். "மேடம் இன்னா சொல்றீங்க? கம்பெனி குடுத்ததை நாம பிரிச்சா கம்பெனி கை கழுவிடும். நாளைக்கு ஏத்தத்துல செயின் கழண்டு அந்தப் பொண்ணு வுழுந்தா யார் பொறுப்பு?"

"நான் மாட்டறேன். நான் பொறுப்பு."

"உன் பேரு கடை போர்டுல இல்லியே."

ஆபாவின் பயம் நியாயமானது. சைக்கிளை மாற்றியமைப்பது, வண்ணம் மாற்றுவது போன்ற வேலை இல்லை. செயின் நீளம் ஒரு கண்ணி தவறினாலும் மிதிக்கும் நேரத்தில் அது சிக்கும். கம்பெனி மாட்டி அனுப்பியதை அதனால்தான் நாங்கள் தொடமாட்டோம். வெகுநேரம் சக்கரத்தை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தவர், கடைசியில் சொன்னார். "மாட்டு. ஆனா நான் முறுக்கிப் பாக்காம அது அந்தப் பொண்ணு கைக்குப் போவக்கூடாது. சாயந்தரம் ஓட்டிப் பாத்துட்டுத் திரும்பிக் கொண்டா."

அன்று முழுவதும் நான் வேறு வேலை எதையும் தொடவில்லை. பழைய கியரைக் கழற்றினேன். புதியதை ஏற்றினேன். செயினை முன்னாலிருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் பின்னாலிருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் சுற்றி அளந்து, இரண்டு கண்ணி கூட விட்டு வெட்டினேன். செயின் உள்பக்கம் ஏறிச் சக்கரக் கம்பியில் சிக்காதபடி எல்லைத் திருகை இறுக்கினேன். பிரேக் பிடியை என் விரலின் முதல் கணுவுக்கு வரும்படி உள்ளே கொண்டுவந்தேன். பிறகு ஜோதியின் கை நினைவுக்கு வந்து, இன்னும் உள்ளே கொண்டுவந்தேன். ஸ்டாண்டில் நிறுத்தி ஒவ்வொரு கியராக நூறு முறையாவது மாற்றிப் பார்த்திருப்பேன். ஆபா தன் முக்காலியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டார்.

மாலை ஆலை வாசலில் சங்கர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜோதி அவரை வரச்சொல்லிக் கெஞ்சி அழைத்து வந்திருந்தாள். "இதான் கடைசி" என்றார் என்னிடம். "சின்னப் புள்ள சைக்கிளாட்டம் கீது. இது மலை ஏறுமா?"

இந்த முறை இறக்கத்தை முதலில் வைத்துக்கொண்டோம். மூன்றாவது வளைவு வரை அவள் ஏறினாள். அங்கிருந்து திரும்பி இறங்கச் சொன்னேன். சங்கர் வளைவின் நடுவில், கைகளை விரித்து, அவள் விழுந்தால் பிடிக்கிறவர் மாதிரி நின்றார். ஜோதி இரண்டு விரலால் பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் நின்றது. விட்டாள், உருண்டது. மறுபடி பிடித்தாள், நின்றது. கடைசியாக அண்ணனின் செருப்பு நுனிக்கு ஒரு சாண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "நகரு" என்றாள்.

சங்கர் நகர்ந்தார்.

பிறகு அடியிலிருந்து ஏற்றம். நான் வழக்கம்போலப் பின்னால் போனேன். முதல் வளைவில் அவள் சீட்டிலேயே இருந்தாள். இரண்டாவதில் எதிரே வந்த ஆட்டுக்காரரிடம், "மாமா, ஓரமா ஓட்டிக்க" என்றாள். மூன்றாவதில் யாரோ சுள்ளிக்கட்டோடு வந்தவரைப் பார்த்துத் தலையாட்டினாள். செயினைப் பார்க்க ஒருமுறைகூடக் குனியவில்லை. கால்கள் வேகமாக, லேசாகச் சுற்றின. தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி. நான்காவது வளைவுக்கு மேல் எனக்கும் அவளுக்கும் இடைவெளி விழுந்தது. நான் ஓட்டியது சமவெளிக் கியர் போட்ட கடை சைக்கிள். மூச்சு வாங்க, எழுந்து நின்று மிதித்தேன். ஐந்தாவது வளைவைத் திரும்பியபோது சாலையில் அவள் இல்லை. பின்னாலிருந்த சங்கர் பைக்கைப் பக்கத்தில் உருட்டிவந்து, "தள்ளட்டுமா மேடம்?" என்று கேட்டார். மூன்று நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

கடைசிச் செங்குத்தில் நான்தான் இறங்கித் தள்ளினேன்.

முடிவைத் தெரிந்துகொள்ள அவசரப்படுகிறவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜோதி அந்த வேலையை விடவில்லை. ஆலையில் இன்று அவள் மேற்பார்வையாளர். நான் கடையில் இருந்தவரை வருடத்துக்கு ஒருமுறை சைக்கிளைக் கொண்டுவருவாள், நான் செயின் மாற்றுவேன். அன்று மாலை நான் செய்த காரியத்துக்காக ஆபா மறுநாள் முழுவதும் என்னை 'மேடம்' என்றே அழைத்தார். அதற்கு மறுநாள் காலை, யாரிடமும் சொல்லாமல் தானே அமிர்தி ஆலைக்குப் போய், ஒவ்வொரு திருகாக முறுக்கிப் பார்த்துவிட்டு வந்தார். வந்து முக்காலியில் உட்கார்ந்து, "நல்லாத்தான் இருக்குது" என்றார். பன்னிரண்டு வருடத்தில் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அது பெரியது.

அன்று மாலை ஊருக்குள் நான் நுழைந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. சைக்கிள் வாசலில் சுவரோடு சாய்ந்திருந்தது. உள்ளே ஜோதி, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை பகலில் நடந்ததையெல்லாம் வாயில் சோற்றோடு சொல்லிக்கொண்டிருந்தது. எந்தக் கோழி எங்கே முட்டை வைத்தது, யார் யாரை அடித்தார்கள் என்று நீண்ட புகார். ஜோதி ஒவ்வொன்றுக்கும், "அப்டியா? அப்புறம்?" என்று கேட்டாள்.

என்னைப் பார்த்ததும் புகார் நின்றது. தன்ஷிகா எழுந்து வாசலுக்கு வந்தாள். எனக்கும் சைக்கிளுக்கும் நடுவில் நின்றாள்.

"இதையும் எடுத்துனு போவ வந்தியா?"

"ஏய், அக்காகிட்ட மருவாதியா பேசு" என்றாள் ஜோதி உள்ளிருந்து. ஆனால் அவளும் கையைக் கழுவாமல், என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரும் பைக்கை நிறுத்திவிட்டு, இறங்காமல் இருந்தார்.

திரும்பிக் கொண்டா என்று ஆபா சொன்னது ஞாபகம் இருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். அந்த ஊரில் சிக்னல் கிடையாது. தோள்பையிலிருந்து ஸ்பானர்களை எடுத்து வாசலில் பரப்பினேன். பெடல், ஹேண்டில், சீட், இரண்டு சக்கரம், பிரேக், கியர்க் கை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தேன். எதுவும் தளரவில்லை. தன்ஷிகா என் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல தன்ஷி. இது இங்கதான் இருக்கும்."

"நெசமா?"

"நெசமா."

அவள் வழியைவிட்டு விலகவில்லை. என் சைக்கிளைக் காட்டி, "அப்போ இது?" என்றாள்.

"அது என்னோட வரும்."

இரண்டு சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் சைக்கிள் சீட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, அனுமதி கொடுத்தாள்.

"சரி, நீ போ."